நாற்பது விநாடி

ஐயா, என் வீட்டில் ஆறு நாற்காலிகள் இருக்கின்றன. தனி ஆளுக்கு ஆறு நாற்காலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறிய ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனவை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறையும் வாசலில் எடுத்துப் போட்டு ஈரத்துணியால் துடைப்பேன். மூட்டைப்பூச்சி அண்டாமல் இருக்க மூலைகளில் சீமெண்ணெய் தடவுவேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இவ்வளவு சுத்தமான நாற்காலிகள் வேறு எந்த வீட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

மாரிஸ் இறந்துபோன சனிக்கிழமை காலையில் யார்டில் இருந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதித் தர வேண்டும் என்று விசாரணைக்காக ஆளுக்கொரு தாள் அனுப்பியிருந்தீர்கள். மற்றவர்கள் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு ஒரு வரியில் அடங்கவில்லை. தாளின் பின்பக்கமும் போதவில்லை. கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தேன். நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வேலாயுதம். வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடமாக ரயில்வேயில் இருக்கிறேன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குத் தந்தியில் நேரம் வரும். அதை என் சட்டைப்பை கடிகாரத்தில் வாங்கிக்கொண்டு, யார்டில் இருக்கும் ஐந்து சிக்னல் கேபின்களுக்கும் நடந்து போய், அங்கங்கே சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரங்களைத் திருத்தி வைக்க வேண்டும். போகும் வழியில் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெயும் பார்ப்பேன். அதனால் குவார்ட்டர்ஸில் சின்னது பெரியது எல்லோருக்கும் நான் மணிக்கார அண்ணன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் பேசுவார்கள். "மணி என்னாண்ணே?" என்பார்கள். சொல்வேன். போய்விடுவார்கள். இதைப் பேச்சு என்று கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகாமல் இல்லை. இராஜம்மா என்று பெயர். பதினோரு மாதம் என்னோடு இருந்தாள். பிறகு செமினியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள் வரவில்லை. கோபமெல்லாம் கிடையாது. "உங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. எனக்கும் முட்டத்தான் செய்தது.

கூடைப்பந்துக்கு வருகிறேன்.

குவார்ட்டர்ஸின் பின்னால் செம்மண் தரையை உருளை போட்டுச் சமன் செய்து, சுண்ணாம்பில் கோடு கிழித்து, பழைய தண்டவாளங்களைக் கம்பமாக நட்டு, பட்டறைக்காரர்கள் வளைத்துக் கொடுத்த இரும்பு வளையத்தை மாட்டி ஒரு களம் செய்திருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் ஆரம்பித்தது. அதற்கு முன் அது சீனப் பிள்ளைகளின் ஆட்டம் என்றுதான் நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த சில பையன்கள் கொண்டுவந்து பழக்கிவிட்டார்கள். பிறகு சனிக்கிழமை சாயங்காலம் என்றால் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. கரிப்புகை அப்பிய முகத்தோடு ஆண்கள் நேராக வேலையிலிருந்து வருவார்கள். பெண்கள் குடையோடு வருவார்கள். வள்ளியம்மா அவித்த கடலையைக் கூடையில் சுமந்து வருவாள். நேரம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, அடிப்பதற்குத் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு, ஒரு சுத்தியல். ஆட்டம் முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஜெயித்த நாட்களை முதலில் சொல்கிறேன். நான் தண்டவாளத்தில் ஓங்கி அடித்ததும் ஜனம் களத்துக்குள் பாயும். மாரிஸைத் தோளில் தூக்கிக்கொள்ளும். அப்படியே கூட்டமாகக் கத்திக்கொண்டு கேட்டுக்கு அப்பால் இருக்கும் சாயாக்கடைக்குப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் களத்தில் நான் மட்டும் இருப்பேன். மேசையை மடக்குவேன். தண்டவாளத் துண்டை அவிழ்ப்பேன். வள்ளியம்மா இருந்தால் "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் நானும் கூட்டத்தின் பின்னால் சாயாக்கடை வரை போய்ப் பார்த்தேன். இடமில்லை. இடம் இருந்திருக்கும், யாரும் நகரவில்லை.

தோற்ற நாள் ஒன்றே ஒன்று. ஒன்றரை வருடத்துக்கு முன், செந்தூல் பட்டறைக்காரர்களிடம் நாங்கள் இரண்டு புள்ளியில் தோற்றோம். அது தானாக நடந்தது. அன்றைக்கு யாரும் சாயாக்கடைக்குப் போகவில்லை. எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். நேரம் சரியாக இருந்ததா, அந்தக் கடைசிப் பந்து மணிக்கு முன்னாலா பின்னாலா, நடுவர் விசில் ஊதும்போது எத்தனை நிமிடம் ஆகியிருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. "வீடு பக்கத்துலதானே, வாங்க" என்றேன். பதினான்கு பேர் வந்தார்கள். ஆறு பேர் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். தேநீர் இரண்டு முறை போட்டேன். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பக்கிரிசாமி என் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து நடுவரின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டினான். போகும்போது தம்புசாமி, யார்டு கங்காணி, என் தோளில் கை வைத்து, "நல்ல வேள நீங்க இருந்தீங்க" என்றார்.

அந்தக் கையின் கனம் எனக்கு ரொம்ப நாள் தோளிலேயே இருந்தது. பிறகு எங்கள் குழு வரிசையாகப் பதினோரு ஆட்டம் ஜெயித்தது.

போன மாதம் கிள்ளான்காரர்கள் வந்தார்கள். துறைமுகத்துக் கிளார்க்குகளும் கூலிகளும் சேர்ந்த குழு. போன வருடம் அவர்கள் ஊரில் நாங்கள் ஜெயித்துவிட்டு வந்தபோது ரயில்பெட்டியின் மேல் கல்லெறிந்தவர்கள். ஆகவே எங்கள் ஜனத்துக்கு இந்த ஆட்டம் மற்ற ஆட்டம் மாதிரி இல்லை. பக்கிரிசாமி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார்கள். வள்ளியம்மா ஜெயித்தால் கடலை இலவசம் என்று சொல்லி இரண்டு கூடை அவித்து வந்திருந்தாள்.

மாரிஸைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபத்து நான்கு வயது. தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்த கத்தோலிக்கப் பையன். நல்ல உயரம். யார்டில் தம்புசாமியின் கீழ் வேலை. நிற்கும் வேகன்களுக்கு நடுவே புகுந்து கொக்கி மாட்டுகிறவன். குவார்ட்டர்ஸில் தனி ஆட்களுக்கான அறையில் இருந்தான். ஒவ்வொரு கூடைக்கும் பிறகு நடுக்களத்தில் பந்தை மேலே எறிவார்கள் அல்லவா, அதில் எகிறித் தட்டுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. ஆட்டத்தின் நடுவில் எங்கள் பையன்கள் எல்லோரும் கூட்டத்தைப் பார்ப்பார்கள். அவன் மட்டும் என்னைப் பார்ப்பான். நேரம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் கேட்பான். நான் விரலைக் காட்டுவேன்.

அன்று கிள்ளான் பத்தொன்பது, நாங்கள் பதினெட்டு. பந்து மாரிஸ் கையில். என்னைப் பார்த்தான். ஒரு விரலைக் காட்டினேன். அந்த விரலில் பொய் இல்லை; அப்போது சரியாக ஒரு நிமிடம் இருந்தது. அவன் பதறவில்லை. பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, எவன் மறிக்க ஆளில்லாமல் நிற்கிறான் என்று நிதானமாகப் பார்த்தான். கூட்டம் "எறிடா, எறிடா" என்று அலறியது. இந்தப் பந்து விழுந்தால் சாயாக்கடை. இன்னும் ஐந்து நிமிடத்தில் நான் மேசையை மடக்கிக்கொண்டிருப்பேன். இருபது விநாடி ஆனதும் சுத்தியலை எடுத்து அடித்தேன்.

நாற்பது விநாடி. ஒரு ரயில் நாற்பது விநாடி முன்னால் புறப்பட்டால் யாரும் புகார் கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்பீர்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று. வராது. ரயில்வே ஜனம் ஒரு சாமியை நம்பும், அடுத்து ரயில்வே நேரத்தை நம்பும். சங்கு ஊதினால்தான் எழுந்திருக்கும், பத்து மணித் தந்தி வந்தால்தான் பத்து மணி என்று ஒத்துக்கொள்ளும். அந்த நேரத்தைச் சுமந்து வருகிறவன் கடிகாரம் தப்பாக இருக்க முடியாது. நடுவரின் கண்ணில் சுண்ணாம்பு விழுந்திருக்கும், களத்தில் பள்ளம் இருந்திருக்கும், காற்று அடித்திருக்கும். பக்கிரிசாமி தலைத்துண்டை உருவித் தரையில் அடித்தான். "பந்த அணைச்சுக்கிட்டு மாப்பிள்ள மாதிரி நிக்கிறான் பாருலா, எறியமாட்டேங்கிறான்" என்று கத்தினான். வள்ளியம்மா இரண்டு கூடைக் கடலையையும் அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாரிஸ் களத்தின் நடுவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று இருபத்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

அத்தோடு போயிருக்கும். இரண்டு நாள் திட்டுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் பிறகு சாமியார் ஓலை வாசித்தார். கத்தோலிக்கர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். அன்றைக்கு முதல் ஓலை. பிரிக்பீல்ட்ஸ் மாரிஸுக்கும் கிள்ளான் துறைமுகக் கிளார்க்கின் மகள் ரோசலினுக்கும் திருமணம் என்று வாசித்தார். இந்தச் சம்பந்தம் பற்றி மாரிஸ் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அவனுக்கு வீட்டில் யாரும் இல்லை. மத்தியானத்துக்குள் இந்துக்கள் வீடுகளிலும் செய்தி தெரிந்துவிட்டது. பெண்ணுக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று முடிவாகிவிட்டது.

மறுபடியும் என் வீடு நிறைந்தது. நான் கூப்பிடக்கூட இல்லை.

"கைய ஒடிச்சா தெரியும்" என்றான் பக்கிரிசாமி. தடி எடுத்து வந்திருந்தான். இன்னும் நான்கு பேர் அவனோடு எழுந்தார்கள். நான் தடுத்தேன் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

"அடிக்காதீங்கப்பா. அடிச்சா போலீஸ் வரும், வேல போகும். சும்மா பேசாம இருங்க. ஒருத்தரும் அவன்கிட்ட வாயத் தொறக்காதீங்க. அவன் பேர சொல்லாதீங்க. அது போதும்."

"மணிக்கார அண்ணே சொல்றது சரிதான்" என்றார் தம்புசாமி. எவ்வளவு தன்மையான மனிதர் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பையனின் கை ஒடியாமல் காப்பாற்றியிருந்தேன். அதோடு, குவார்ட்டர்ஸ் முழுவதும் வாயை மூடிக்கொண்டால் அவன் பேசப் போவது எந்த வீட்டுக்கு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான்.

"அண்ணே, நீங்க ஒரு விரல காட்டுனீங்க. நிமிசம் இருக்குன்னுதான் நான் பந்த வச்சிக்கிட்டு நின்னேன். அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

"உக்காரு தம்பி. டீ குடி."

உட்கார்ந்தான். குடித்தான். நான் யோசிப்பதுபோல இருந்தேன். "சரியா ஞாபகம் வரலியே. நாளைக்கு வா, நெனச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். முதல் நாட்களில் விரலைப் பற்றித்தான் பேசினான். பிறகு மெல்ல மெல்ல வேறு பேச்சும் வந்தது. வேலைக்குப் போனால் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இவன் வந்ததும் எழுந்துவிடுகிறார்களாம். ஆட்டம் முடிந்தால் எப்போதும் அவனுக்கென்று ஒரு பொட்டலம் எடுத்து வைக்கும் வள்ளியம்மா இப்போது அவன் காசை நீட்டினாலும் வேறு பக்கம் பார்க்கிறாளாம். ரோசலின் வெண்டைக்காய் சாப்பிட மாட்டாளாம். அவள் அப்பா கிள்ளானில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். அவன் பேசப் பேச நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் எந்த நாற்காலியில் உட்காருவான் என்பது நான்காம் நாளில் தீர்மானமாகிவிட்டது. சன்னலோரம் இருப்பது. ஏழாம் நாளிலிருந்து நான் அவனுக்காகச் சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

"இந்தக் குவார்ட்டர்ஸ்ல நீங்க ஒருத்தருதான் என்னய மனுசனா மதிச்சுப் பேசுறீங்க" என்றான் ஒரு நாள். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பெயர் அன்றைக்கே சரியாகியிருக்கும். ஆனால் பெயர் சரியான பிறகு அவன் எதற்காக என் வீட்டுக்கு வருவான்? சாயாக்கடையில் அவனுக்கு இடம் விடுவார்கள். நான் சொல்ல மாட்டேன் என்று ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை. நாளைக்கு என்றுதான் சொன்னேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, கோயிலில் அவன் பெயர் வந்ததும் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்களாம். அதைச் சொல்லும்போது மாரிஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஏதோ முடிவெடுத்த ஒரு தெளிவு இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தபோது கையில் ஒரு காகிதம் இருந்தது. ரோசலினின் அப்பா அலைந்து திரிந்து கிள்ளானுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்துவிட்டார். "நாளையோட இங்க வேல முடியுதுண்ணே. மூணாவது ஓலைக்கு இங்க இருந்துட்டு திங்கக்கிழம காலையில போறேன்" என்றான். பிறகு, "நீங்க அந்த விரல பத்திச் சொல்லவேணாம். போனாப் போவுது. எனக்கு இப்ப அது வேணாம்" என்றான். கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். குவளையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான்.

நான் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அவனுக்கு இனி அது வேண்டாமாம்.

இப்போது சனிக்கிழமை.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கொக்கி மாட்டுகிறவன் வேகன்களுக்கு நடுவே போனால், கொடிக்காரன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே போனவன் வெளியே வந்து "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என்ஜினுக்குக் கொடி. சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் ஆட்கள் முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறார்கள். பாயிண்ட் தள்ளுவது, கொடி காட்டுவது இரண்டும் பக்கிரிசாமி வேலை. மாரிஸின் பெயரைச் சொல்வதில்லை என்று ஆனபிறகு அவன் ஒரு விசில் வாங்கி வைத்துக்கொண்டான். விசில் ஊதுவான். மாரிஸ் வெளியே வந்து கையைத் தூக்குவான். பன்னிரண்டு நாள் அது ஒழுங்காகத்தான் நடந்தது.

பத்து மணித் தந்தியை வாங்கிக்கொண்டு நான் மூன்றாவது கேபினுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான்காம் பாதை வளைவில் வேகன்கள் நின்றன. வளைவின் வெளிப்பக்கம் பக்கிரிசாமி. உள்பக்கம் மாரிஸ். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நான் நின்ற இடத்திலிருந்து இருவரையும் பார்க்கலாம். பக்கத்துப் பாதையில் ஒரு சரக்கு என்ஜின் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி விசில் ஊதினான். கை தூக்கக் காணோம். மறுபடி ஊதினான். அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன். பெயரைச் சொல்லத்தான் திறந்தான் என்று நினைக்கிறேன். பிறகு மூடிக்கொண்டான். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். வெளியே வந்துவிட்டானா என்று கேட்டான்.

மாரிஸ் குனிந்து கொக்கியைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று இத்தனை நாளாக யோசித்து வைத்திருக்கிறேன், உண்மையாகவே எழுதுகிறேன். கால் நசுங்கும் என்று நினைத்தேன். கால் நசுங்கினால் மாற்றல் நிற்கும். இரண்டு மாதமாவது ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்து பார்க்க ஒருவரும் போக மாட்டார்கள். நான் போவேன். தினமும் வேலை முடிந்து தூக்குப்பாத்திரத்தில் தேநீர் எடுத்துக்கொண்டு போவேன். கட்டிலருகே உட்காருவேன். அவன் எங்கேயும் எழுந்து போக முடியாது.

நான் தலையை ஆட்டினேன்.

வேகன்கள் ஒன்றோடொன்று முட்டும் பஃபர் இருக்கும் உயரம் காலின் உயரம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். முப்பது வருடமாக அவற்றின் பக்கத்தில்தான் நடக்கிறேன். ஒரு ஆளின் நெஞ்சு உயரம். அன்றைக்கும் தெரியும்.

கொடி அசைந்தபோது மணி பத்து நாற்பத்திரண்டு. அதை மட்டும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யலாம். பக்கிரிசாமி வேகனைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து பார்த்தான். "மாரிஸ், மாரிஸ்" என்று கூப்பிட்டான். பதின்மூன்று நாளில் அந்த யார்டில் அந்தப் பெயர் அப்போதுதான் கேட்டது. அவன் நிறுத்தவே இல்லை. தம்புசாமி வந்து அவன் வாயைப் பொத்த வேண்டியிருந்தது.

மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். குவார்ட்டர்ஸே திரண்டு வந்தது. இருமியவர்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள். வள்ளியம்மா ஒரு கடலைப் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள், யாரும் எடுக்கச் சொல்லவில்லை. காலை ரயிலில் ரோசலின் தன் அப்பாவோடு வந்திருந்தாள். சின்னப் பெண். என்னைத் தேடிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கடுதாசியில எழுதியிருந்தாரு, ஒரு அண்ணே மட்டும்தான் எங்கூட பேசுறாரு, தெனமும் டீ போட்டுத் தராருன்னு. ஒங்கள மறக்கமாட்டேண்ணே" என்றாள்.

அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

அதற்குப் பிறகு ஒரு வாரம் என் வீட்டில் கூட்டம் குறையவில்லை. ஆறு நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் பெஞ்சு வாங்கிப் போட்டேன். மாரிஸைப் பற்றித்தான் பேச்சு. அவன் எகிறுவது, அவன் சிரிப்பது. கொடி காட்டியவன் பக்கிரிசாமி என்பதால் அவனை அடிக்க வேண்டும் என்று சிலர் எழுந்தார்கள். நான் தடுத்தேன். "அடிக்காதீங்கப்பா, பேசாம இருங்க, போதும்" என்றேன். இந்த முறையும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் பக்கிரிசாமி வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான். ஒரு காலத்தில் என் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க தலைய ஆட்டுனீங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சா? தூக்கமே இல்லண்ணே. எனக்கு மூணு புள்ளைங்க. ஆட்டுனீங்கன்னா ஆட்டுனேன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் சரி."

"டீ குடி. சரியா ஞாபகம் வரலியே. நாளைக்கு வா" என்றேன்.

ஒன்பது சாயங்காலம் வந்தான். சன்னலோர நாற்காலியை அவனுக்குக் கொடுக்கவில்லை, அது மாரிஸுடையது. பத்தாம் நாள் அவன் பெண்சாதி அவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவனுக்குப் புத்தி பேதலித்துவிடும்போல இருக்கிறதாம். விசாரணை முடிவு தெரிகிறவரை வரமாட்டார்கள். களத்தில் இப்போது யாரும் ஆடுவதில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆட்டம் இல்லாததால் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. பத்து நாளாக ஒருவரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. "மணி என்னாண்ணே?" என்பதோடு சரி.

இவ்வளவுதான் நடந்தது. ஆட்டத்தை நாற்பது விநாடி முன்னால் முடித்தது நான். மாரிஸோடு யாரும் பேசக்கூடாது என்று சொன்னது நான். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தே தலையை ஆட்டியது நான். பக்கிரிசாமி மேல் குற்றமில்லை. நான் யாருக்கும் கெட்டது நினைத்தவன் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நோட்டுப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் இது வெறும் காகிதம் என்றும், வெள்ளிக்கிழமை பக்கிரிசாமி விஷயத்தில் நீங்கள் முடிவு சொல்லப் போகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் நேரில் வந்தால், உங்கள் எதிரில் கையெழுத்துப் போடுகிறேன். ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள், அங்கே நின்றுகொண்டு பேச வேண்டியிருக்கும். குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை, மூன்றாவது வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். வியாழக்கிழமை வந்தாலும் போதும்; செவ்வாய்க்கிழமையே வந்தால் நல்லது, ஏனென்றால் ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. நாற்காலிகளைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் வராதீர்கள்.